கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்தை ஆரம்பித்தது யார்?

இளைஞர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் பங்கில் வாராவாரம் அருங்கொடைச் செபக்கூட்டம் நடக்கிறது. இதை ஆரம்பித்தவர் யார் என்று கேட்டால், தூய ஆவியார்தான் என்கிறார் கூட்டத்தை நடத்துபவர். என் சித்தப்பாவோ, இது பெந்தெகொஸ்தே சபைக்காரர்களிடம் வாங்கியது, அமெரிக்கச் சரக்கு என்கிறார். எது சரி?" அருங்கொடை என்றால் தூய ஆவியார் தரும் சிறப்பு வரம். அதை மையமாக வைத்த, ஆங்கிலத்தில் 'கரிஸ்மாடிக்' எனப்படும் இயக்கம் இது. ஒரு நிறுவனரின் பெயரைக் கேட்பது போல இருந்தாலும், இவர் தெரிந்துகொள்ள விரும்புவது, இந்த இயக்கம் நம்முடையதா, வெளியிலிருந்து வந்ததா என்பதைத்தான். மறைக்கல்வி ஆசிரியர்களுக்குப் பல வருடமாகத் திருச்சபை வரலாறு எடுக்கிறவன் நான். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் சித்தப்பா சொல்கிற பாதிக்குத் தேதி, இடம், ஆட்களின் பெயர் எல்லாம் இருக்கின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டுகேன் பல்கலைக்கழகம் இருக்கிறது. தூய ஆவி சபைத் துறவிகள் நடத்துவது. 1966-ல் அங்கே பாடம் நடத்திய ரால்ஃப் கீஃபர், வில்லியம் ஸ்டோரி என்ற இருவருக்கும் ஒரு மனக்குறை. திருச்சபையைப் புதுப்பிக்க உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதற்கு முந்தைய ஆண்டுதான் முடிந்திருந்தது. திருவழிபாட்டிலும் பொதுநிலையினர் பணியிலும் ஆர்வமாக இருந்தவர்கள், செபிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், ஆனாலும் விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் வருகிற அந்தத் துணிச்சலும் வல்லமையும் தங்களிடம் இல்லையே என்று வருந்தினார்கள். அந்த ஆகஸ்டில் குர்சில்லோ இயக்கத்தின் மாநாட்டுக்குப் போனார்கள். குர்சில்லோ என்பது ஸ்பெயின் நாட்டு மயோர்கா தீவில் 1940-களில் தோன்றிய, மூன்று நாள் தியானம் நடத்துகிற கத்தோலிக்க இயக்கம். அங்கே ரால்ஃப் மார்ட்டின், ஸ்டீவ் கிளார்க் என்ற இரண்டு இளைஞர்கள் இவர்களிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையின் போதகர் டேவிட் வில்கர்சன், நியூயார்க்கின் தெருக் கும்பல்களுக்கும் போதைக்கு அடிமையான இளைஞர்களுக்கும் நடுவில் செய்த ஊழியத்தைச் சொல்லும் புத்தகம் அது.

கத்தோலிக்க மாநாடு, கத்தோலிக்க ஆசிரியர்கள், கைமாறியதோ பெந்தெகொஸ்தே போதகரின் புத்தகம். இந்த இயக்கத்தின் பிறப்பு முழுவதும் இப்படித்தான் போகிறது.

டுகேன் ஆசிரியர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுச் செய்த முதல் காரியம், பெந்தகோஸ்து ஞாயிறு திருப்பலியில் வரும் தூய ஆவியாருக்கான தொடர்பாடலை ஒருவருக்காக ஒருவர் தினமும் சொல்லிச் செபித்தது. அப்புறம், வில்கர்சன் சொல்கிற அனுபவம் உள்ளவர்கள் தங்கள் ஊரிலேயே யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். ஆங்கிலிக்கன் குரு ஒருவர் வழிகாட்ட, புளோரன்ஸ் டாட்ஜ் என்ற பிரஸ்பிட்டேரியன் பெண்மணியின் வீட்டில் நடந்த செபக்கூட்டத்துக்கு 1967 ஜனவரி நடுவில் போனார்கள். அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் பழைய பெரிய சபைகளைச் சேர்ந்த புரொட்டஸ்டண்டுகள். அடுத்த வாரம் கீஃபரும் இன்னோர் ஆசிரியரான பேட்ரிக் பூர்ஷ்வாவும் மறுபடி போனார்கள். அந்தக் குழுவினர் இவர்கள்மேல் கைவைத்துச் செபித்தார்கள், இவர்கள் பரவசப் பேச்சு, அதாவது அந்நிய பாஷை, பேசினார்கள். பிறகு கீஃபர், அன்று வர முடியாமல் போன மற்றவர்கள்மேல் கைவைத்துச் செபித்தார்.

இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குள்ளேயே, நேரில் இருந்தவர்களைக் கேட்டு எழுதப்பட்ட பதிவுகள் இருக்கின்றன. ஆக, கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்தின் முதல் ஆட்கள் 'அபிஷேகம்' பெற்றது ஒரு பிரஸ்பிட்டேரியன் வீட்டு வரவேற்பறையில். இதைச் சொல்ல நம் செபக்குழுக்களில் சிலர் கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கூச்சத்துக்குக் காரணமே இல்லை. சம்பந்தப்பட்ட கத்தோலிக்கர்கள் யாரும் இதை மறைத்ததில்லை.

அடுத்து வருவதுதான் எல்லோரும் சொல்லும் 'டுகேன் வாரஇறுதி'. 1967 பிப்ரவரி 17 வெள்ளி முதல் 19 ஞாயிறு வரை. பிட்ஸ்பர்குக்கு வடக்கே 'பேழையும் புறாவும்' என்ற பெயர் கொண்ட தியான இல்லம். பல்கலைக்கழகத்தில் விவிலியம் படிக்கும் குழுவைச் சேர்ந்த ஏறக்குறைய 25 மாணவர்களும் அந்த ஆசிரியர்களும் கூடினார்கள். வருவதற்கு முன் வில்கர்சனின் புத்தகத்தையும் திருத்தூதர் பணிகள் முதல் நான்கு அதிகாரங்களையும் படித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். தங்களுக்கு ஜனவரியில் நடந்தது என்ன என்பதை ஆசிரியர்கள் மாணவர்களிடம் விளக்கவில்லை. சனிக்கிழமை, திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரம் பற்றிப் பேச வந்தவர் அந்தப் புரொட்டஸ்டண்ட் செபக்குழுவின் பெண் ஒருவர். பேச்சுக்குப் பின் நடந்த கலந்துரையாடலில் டேவிட் மங்கன் என்பவர், 'தியானத்தின் முடிவில் நம் உறுதிப்பூசுதலைப் புதுப்பித்துக்கொள்வோமே' என்றார். உறுதிப்பூசுதல் என்பது திருமுழுக்கு பெற்றவர் தூய ஆவியாரின் வரத்தைப் பெறும் அருளடையாளம். பாட்டி கல்லகர் என்ற மாணவி, வேறு யாருக்கும் வேண்டாம் என்றாலும் எனக்கு வேண்டும் என்று அவரோடு சேர்ந்துகொண்டார்.

அன்று இரவு திட்டமிட்டிருந்ததோ பிறந்தநாள் விழா. குழுவில் சிலருக்கு அந்த நாட்களில் பிறந்தநாள். விழா களைகட்டவில்லை. மேல்மாடிச் சிற்றாலயத்தில் யாராவது இருந்தால் கீழே கூப்பிட்டு வரலாம் என்று போன பாட்டி கல்லகர், நற்கருணைப் பேழைமுன் முழந்தாளிட்டதும் உடல் நடுங்கத் தொடங்கியதாகவும், சற்று நேரத்தில் முகங்குப்புறத் தரையில் கிடந்ததாகவும், காலணிகள் எப்போது கழன்றன என்றே தெரியவில்லை என்றும் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒருவர் பின் ஒருவராக மாணவர்கள் மேலே வந்தார்கள். சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள், சிலருக்குப் பரவசப் பேச்சு வந்தது. ஆனால் யாரும் அவர்கள்மேல் கைவைத்துச் செபிக்கவில்லை, முன்நின்று நடத்தவும் இல்லை. உங்கள் கூட்டத் தலைவர் 'தூய ஆவியார்தான்' என்று சொல்வதன் பின்னால் இருப்பது இந்த இரவுதான்.

அதே வாரஇறுதியில் தியான இல்லத்தின் தண்ணீர் பம்பு பழுதாகி, தண்ணீர் இல்லாவிட்டால் எல்லோரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நிலை வந்ததும், செபித்த பின் தண்ணீர் வந்ததும் இன்னொரு சாட்சியம். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இடம், நாள், ஆட்கள், அவர்கள் திருத்தூதர் பணிகள் படித்தது, சிற்றாலயத்தில் கூடியது ஆகியவை வரலாறு. உடல் நடுங்கியது, மகிழ்ச்சி பொங்கியது ஆகியவை அனுபவித்தவர்களே தந்த சாட்சியம். பலர் தனித்தனியாகச் சொல்லி ஒத்துப்போகிறது, அதனால் அவர்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அது தூய ஆவியாரின் செயல்தானா என்பதற்குத் தீர்ப்பு சொல்ல வரலாற்றுப் பாடத்தில் கருவி கிடையாது. விசுவாசமும் தேர்ந்து தெளிதலும் சொல்ல வேண்டிய பதில் அது. ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கிறேன்: முந்தைய மாதமே கைவைப்புச் செபம் பெற்ற ஆசிரியர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள், மாணவர்களும் அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தார்கள். ஆகவே ஒன்றும் தெரியாத பிள்ளைகள்மேல் திடீரென்று இறங்கியது என்று சொல்வது மிகை.

'கத்தோலிக்கத் திருச்சபையில் இதுவே முதல்' என்பதும் அப்படியே. அதற்கு முன்பும் புரொட்டஸ்டண்ட் செபக்குழுக்களில் கலந்து இதே அனுபவம் பெற்ற கத்தோலிக்கர்கள் அங்கொருவர் இங்கொருவராக இருந்தார்கள். குழுவாக நடந்து, அங்கிருந்து வெளியே பரவியது என்ற அளவில்தான் டுகேன் முதல்.

பரவிய வேகம்தான் ஆச்சரியம். இரண்டே வாரத்தில் செய்தி இந்தியானாவில் உள்ள நோட்டர்டாம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. கெவின் ரனகன், டாரதி ரனகன் தம்பதியின் வீட்டில் மார்ச் தொடக்கத்தில் கூடிய சிறு கூட்டத்தில் டுகேனிலிருந்து வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். படித்த கூட்டம் அது, இறையியல் மாணவர்கள், ஆசிரியர்கள். பரவசப் பேச்சு என்றதும் நெளிந்தார்கள். சில நாள் கழித்து, அதே ஊரில் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையைச் சேர்ந்த ரே புல்லர்ட் என்பவரின் வீட்டு அடித்தளத்தில் உள்ளூர்ப் பெந்தெகொஸ்தே ஊழியர்களோடு செபித்தபோதுதான் பலர் பரவசப் பேச்சு பெற்றார்கள். 'இனி எங்கள் சபைக்கு வந்துவிடுவீர்கள்தானே' என்று பெந்தெகொஸ்தேக்காரர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். இவர்கள் போகவில்லை. என்னைக் கேட்டால், கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் ஒரு தனி இயக்கமாக உருவானது இந்த இடத்தில்தான். அனுபவத்தை வாங்கிக்கொண்டார்கள், சபையை மாற்றிக்கொள்ளவில்லை, மறுநாளும் திருப்பலிக்குப் போனார்கள். 'பெந்தெகொஸ்தேக்காரர்களிடம் வாங்கியது' என்று சொல்லும் உங்கள் சித்தப்பாவிடம், வாங்கியவர்கள் இதற்கு என்ன பொருள் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பல, ஆவியின் அபிஷேகத்தை மனமாற்றத்துக்குப் பின் வரும் தனிப் படியாகவும், அந்நிய பாஷையை அதற்கு அடையாளமாகவும் போதிக்கின்றன. கத்தோலிக்க இறையியலாளர்களில் பெரும்பாலோர், திருமுழுக்கிலும் உறுதிப்பூசுதலிலும் ஏற்கெனவே பெற்ற அருள் இப்போது உணரப்படுகிறது, செயலுக்கு வருகிறது என்றே விளக்கினார்கள். டேவிட் மங்கன் உறுதிப்பூசுதலைப் புதுப்பிக்கலாம் என்று கேட்டதிலேயே இது இருக்கிறது.

குர்சில்லோ மாநாட்டில் புத்தகம் கொடுத்த மார்ட்டினும் கிளார்க்கும் அப்போது மிச்சிகனில் மாணவர் பணியில் இருந்தார்கள். டுகேனில் நடந்ததைக் கேள்விப்பட்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் ஆன் ஆர்பர் நகரில் தொடங்கிய செபக்கூட்டம் 'இறைவார்த்தை' என்ற பெரிய குழுமமாக வளர்ந்தது. உங்கள் பங்கில் ஏழு வாரம் அல்லது சில நாள் வகுப்பு வைத்து, ஐந்தாவது கட்டத்தில் கைவைத்துச் செபிக்கிறார்கள் அல்லவா? அந்த அமைப்பு ஆன் ஆர்பரில் உருவான 'லைஃப் இன் த ஸ்பிரிட் செமினார்' என்ற கையேட்டிலிருந்து வருவது. இன்று உலகம் முழுவதும் செபக்குழுக்களில் காண்கிற நடைமுறைகளில் கணிசமானவை கிளார்க், மார்ட்டின், ரனகன் தம்பதி ஆகியோரின் கைவண்ணம். நோட்டர்டாமில் வருடந்தோறும் நடந்த மாநாட்டுக்கு 1967-ல் நூறு பேர் கூட வரவில்லை, 1973-ல் 20,000-க்கும் மேல் வந்தார்கள்.

பொறி பற்றிய வீட்டில் இருந்தவர்கள் வேறு, அதைக் கட்டி எழுப்பியவர்கள் வேறு. கீஃபர் பிற்பாடு திருவழிபாட்டு அறிஞராகவே அறியப்பட்டார். ஸ்டோரி 1970-களின் நடுவில் இயக்கத் தலைவர்களின் அதிகாரப் போக்கை வெளிப்படையாகவே கண்டித்தார். ஒரு இயக்கத்தின் தொடக்கத்தில் நின்றவர் பத்து வருடத்துக்குள் அதன் விமர்சகராவது சாதாரண விஷயம் இல்லை. இயக்கத்தின் வரலாற்றைச் சொல்லும்போது நம் பேச்சாளர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. ஒருவருக்கொருவர் வாக்குறுதி கொடுத்துச் சேர்ந்து வாழும் உடன்படிக்கைக் குழுமங்கள் என்ற பெயரில் குடும்ப வாழ்க்கையிலும் தனிமனித முடிவுகளிலும் தலைவர்கள் அளவுக்கு மீறித் தலையிட்ட புகார்கள் பின்னர் பல இடங்களில் எழுந்தன. ஆன் ஆர்பர் குழுமமே 1990-ஐ ஒட்டிப் பிளவுபட்டது. இந்தப் பக்கத்தையும் தெரிந்துகொண்டுதான் இயக்கத்தை எடைபோட வேண்டும்.

மூன்றாவது வகை ஆட்களும் உண்டு, இடம் கொடுத்தவர்கள். அமெரிக்க ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழு 1969 நவம்பரிலேயே, இதைத் தடுக்க வேண்டாம், வளர விடலாம், ஆனால் கண்காணிப்பு வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. மூன்று வருடத்துக்குள் இப்படி ஒரு நிதானமான பதில் வந்தது பெரிய விஷயம். பெல்ஜியம் நாட்டுக் கர்தினால் சுவனன்ஸ் முக்கியமானவர். வத்திக்கான் சங்கத்தின் நான்கு நெறியாளர்களில் ஒருவர். அருங்கொடைகள் தொடக்கக் காலத் திருச்சபையோடு முடிந்துபோனவை அல்ல, இன்றும் எளிய விசுவாசிகளுக்குத் தரப்படுகின்றன என்று 1963-ல் சங்கத்தில் வாதாடியவர். திருச்சபை பற்றிய சங்க ஏட்டின் 12-ஆம் பத்தியில் அந்தக் கருத்து இடம்பெற்றிருக்கிறது. டுகேன் நடப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1964-ல், அந்த ஏடு வெளியாகிவிட்டது. 1975 பெந்தகோஸ்து விழாவை ஒட்டி உரோமையில் ஏறக்குறைய 10,000 பேர் கூடினார்கள். விழாவுக்கு மறுநாள் தூய பேதுரு பேராலயத்தின் முதன்மைப் பீடத்தில் சுவனன்ஸ் அவர்களுக்குத் திருப்பலி நிறைவேற்றினார், திருத்தந்தை ஆறாம் பவுல் அவர்களைச் சந்தித்துப் பேசினார். அதற்குப் பின் இது வீட்டுக்குள் நடக்கும் விஷயமாக இல்லை. உரோமையில் செயல்பட்ட பழைய அமைப்புகளுக்குப் பதிலாக, 2019 பெந்தகோஸ்து முதல் 'காரிஸ்' என்ற சேவை அமைப்பு இருக்கிறது. நிறுவனர் என்று ஒருவரோ ஒரு குழுவோ இந்த இயக்கத்துக்கு இல்லை என்பதுதான் இயக்கத்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடும். பிரான்சிஸ்கன் சபைக்கு அசிசி பிரான்சிஸ் போல, இயேசு சபைக்கு இஞ்ஞாசியார் போல ஒருவர் இங்கே கிடையாது.

இன்னும் பின்னால் போய் வேர் தேடுகிறவர்கள் உண்டு. பதின்மூன்றாம் லியோ திருத்தந்தை தூய ஆவியார் பற்றி 1897-ல் சுற்றுமடல் எழுதினார். இத்தாலியின் லூக்கா நகரைச் சேர்ந்த எலெனா குவெர்ரா என்ற அருள்சகோதரி அவருக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதி வலியுறுத்தியது அதற்கு ஒரு காரணம். 2024-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. இதெல்லாம் உண்மை. 1901 ஜனவரி 1 அன்று திருத்தந்தை அந்த நூற்றாண்டைத் தூய ஆவியாருக்கு அர்ப்பணித்தார், அதே நாளில் அமெரிக்காவின் டொபீகா நகரில் சார்லஸ் பார்ஹமின் விவிலியப் பள்ளியில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி அந்நிய பாஷை பேசினார் என்று தியானங்களில் சேர்த்துச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை, அது விசுவாசக் கண்ணோடு செய்யும் பொருத்தம். டொபீகாவில் நடந்தது பற்றிப் பார்ஹம் சொல்வதும் ஓஸ்மன் சொல்வதும்கூட ஒத்துப்போவதில்லை. 1906-ல் லாஸ் ஏஞ்சலஸின் அசுசா தெருவில் வில்லியம் சீமூர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களிலிருந்து உலகப் பெந்தெகொஸ்தே இயக்கம் கிளம்பியது, அதிலிருந்து அசெம்பிளீஸ் ஆஃப் காட், அதிலிருந்து வில்கர்சன், அவர் புத்தகத்திலிருந்து டுகேன். இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் காட்ட முடியும்.

அதற்காக 'அமெரிக்கச் சரக்கு' என்று முடித்துவிடவும் முடியாது. அசுசாவுக்கு ஒரு வருடம் முன்பே, 1905-ல், புனேக்குப் பக்கத்தில் பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்தில் எழுப்புதல் உண்டானது. அதற்கும் வெகு முன்பே, 1860-ல், நம் தென் மாவட்டங்களில் கிறிஸ்தியான்பேட்டை ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் சபையில் இறைவாக்கும் அந்நிய பாஷையும் இருந்ததாகப் பதிவுகள் உண்டு. இரண்டும் புரொட்டஸ்டண்ட் வட்டாரம், நம் இயக்கத்தோடு நேரடித் தொடர்பு இல்லை. இந்த அனுபவம் ஒரே நாட்டில் பிறந்தது என்பது தவறு என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

இந்தியக் கத்தோலிக்கர்களிடம் இது 1970-களின் தொடக்கத்தில் மும்பை வழியாக வந்தது, அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர்களும் இயேசு சபைக் குருக்களும் அதில் முன்நின்றார்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பங்குகளில் பெரும்பாலான சாதாரண மக்களுக்கு இது அறிமுகமானது ஆங்கிலம் பேசும் மும்பைக் குழுக்களால் அல்ல, கேரளத்தால். சாலக்குடிக்குப் பக்கத்தில் போட்டாவில் வின்சென்ஷியன் குருக்கள் 1977-ல் தொடங்கிய தியானம், 1990-களில் முரிங்கூர் டிவைன் தியான மையமாகப் பெருகியபோது, அங்கே தமிழிலும் தியானம் நடந்தது. ரயிலேறிப் போய் ஒரு வாரம் தங்கி வந்தவர்கள்தான் ஊருக்குத் திரும்பிச் செபக்குழு வைத்தார்கள். கையை உயர்த்தித் துதிப்பது, 'அல்லேலூயா' என்று சத்தமாகச் சொல்வது, குணமளிக்கும் வழிபாடு எல்லாம் டுகேன் மாணவர்களின் பாணியைவிடப் போட்டாவின் பாணியில்தான் நம்மிடம் இருக்கிறது. உங்கள் பங்கில் முதல் செபக்குழுவை யார் வைத்தார், அவர் எங்கே தியானம் செய்துவிட்டு வந்தார் என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு ஆசிரியையோ, ஓய்வு பெற்ற அரசு ஊழியரோ, ஒரு அருள்சகோதரியோ என்று பதில் வரும். உங்கள் பங்கைப் பொறுத்தவரை 'ஆரம்பித்தவர் யார்' என்ற கேள்விக்கு அதுதான் நேரான பதில்.